குறையை மேலே வைத்தல்

விற்பவர் தமக்குத் தெரிந்த குறையை, வாங்குபவர் கேட்காமலே சொல்ல வேண்டுமா? கேட்டால் பொய் சொல்லக்கூடாது என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு இல்லை. கேட்காதபோது மௌனமாக இருக்கலாமா என்பதில்தான் சிக்கல். நமது ஊர்களில் இதற்கு இரண்டு பதில்கள் புழங்குகின்றன. மறைத்து விற்பது ஹராம் என்று குத்பாவில் ஒரு பதிலைக் கேட்கிறோம். பார்த்துத்தானே வாங்கினாய் என்று கடைத்தெருவில் இன்னொரு பதிலைக் கேட்கிறோம். ஒரே மனிதர் வெள்ளிக்கிழமை முதலாவதற்குத் தலையாட்டிவிட்டுச் சனிக்கிழமை இரண்டாவதைச் சொல்வதும் உண்டு. அதை நயவஞ்சகம் என்று ஒதுக்கிவிடுவது இலகு. அவர் பக்கத்தில் ஏதும் நியாயம் உண்டா என்று பார்ப்பது அதைவிடப் பயனுள்ளது என நினைக்கிறேன்.

இக்கேள்வியைச் சோதித்துப் பார்ப்பதற்குப் பாவித்த கார் மிகப் பொருத்தமான பொருள். காணி, வீடு ஆகியவற்றுக்கு அடுத்ததாக ஒரு நடுத்தரக் குடும்பம் பெருந்தொகை கொடுத்து வாங்குவது அதைத்தான். அதன் முக்கியமான பாகங்கள் இரும்புக்குள் மறைந்து கிடக்கின்றன. விற்பவர் அதனோடு பல மாதங்கள் வாழ்ந்தவர். காலையில் அது எப்படி இருமும், ஏற்றத்தில் எப்படித் திணறும் என்பது அவருக்குத் தெரியும். வாங்குபவரோ அரைமணி நேரம் அதனோடு இருந்துவிட்டு ஆயுட்காலச் சேமிப்பைக் கொடுக்கிறார். நம் நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களைத் திரும்பவும் கொண்டுவர 2025 பெப்ரவரியில்தான் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் இருபது, முப்பது வருடப் பழைய வண்டிகளும் காணி போல விலையேறின. வாங்கியவர் விற்க, அவரிடம் வாங்கியவர் இன்னொருவருக்கு விற்க, ஒரே வண்டி பல கைகள் மாறியது. அந்தக் கைகளுள் ஒன்று என்னுடையது.

2023 இல் நான் ஒரு பழைய சிறிய காரை 22 இலட்சம் ரூபாவுக்கு வாங்கினேன். உம்மாவுக்குச் சிறுநீரக வருத்தம். மாதம் இரண்டு தடவை 23 கிலோமீற்றர் தூரத்திலுள்ள ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் கொண்டு போக வேண்டும். வங்கிக் கடனோடு மனைவியின் காப்புகளும் சேர்ந்துதான் அந்தத் தொகை ஆயிற்று. விற்றவர் பக்கத்து ஊர்க்காரர், ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், ஐவேளைத் தொழுகையாளி. எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிச் சென்று காட்டினேன். அவர் ஒயில் பார்த்தார், சத்தம் கேட்டார், ஓட்டிப் பார்த்து நல்லது என்றார்.

ஒன்பதாம் நாள் கிளினிக் முடிந்து திரும்பும் வழியில், வயல்வெளி நடுவே, வெப்பமானியின் முள் மேலே ஏறியது. பின்னால் வெள்ளைப் புகை. நண்பகல் வெயிலில் உம்மாவை மதகுக் கட்டில் உட்கார வைத்துவிட்டு ஆட்டோ ஒன்று வரும்வரை காத்து நின்றோம். வண்டியை அருகிலிருந்த கராஜுக்கு இழுத்துச் சென்றார்கள். ஹெட் கெஸ்கட் போயிருந்தது. அதன் மேலுள்ள ஹெட்டும் வளைந்திருந்தது. கராஜ்காரத் தம்பி என் பழைய மாணவர். ரேடியேட்டரின் அடியில் படிந்திருந்த சேற்றை விரலால் எடுத்துக் காட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"சேர், ரெண்டு மாசத்துக்கு முந்தி இதுக்குப் பவுடர் போட்டது நான்தான். கழட்டிச் செய்யணும் எண்டு சொன்ன. காக்கா வேணாம், இப்போதைக்கு ஓடினாக் காணும் எண்டார்."

இவ்வாறான பவுடர்கள் கசிவை உள்ளிருந்து அடைத்துச் சில காலம் தாக்குப்பிடிக்கும். குளிர்ந்த வேளையில், கொஞ்சத் தூரம் ஓட்டிப் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. வெயிலில், நாலு பேரை ஏற்றிக்கொண்டு, நீண்ட தூரம் போகும்போதுதான் அடைப்பு விட்டுப்போகும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பழைய வண்டி வாங்கிய சில நாட்களில் ஏதாவது பழுதானால் உடனே ஏமாற்றிவிட்டான் என்று குரலெழுப்புவது நம் வழக்கம். அது அநீதி. டயர் தேயும், பெட்டரி இறங்கும், பிரேக் பட்டை முடியும், பெல்ட் அறும். இவை பாவனையின் இயல்பு; பழையது என்ற சொல்லுக்குள்ளேயே அடங்கியவை; விலை குறைந்திருப்பதும் அவற்றுக்காகத்தான். நமது பிக்ஹு நூல்கள் குறையின் பேரில் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையைப் பேசும்போது நிபந்தனைகள் விதிக்கின்றன. அக்குறை பொருள் கைமாறுவதற்கு முன்பே இருந்திருக்க வேண்டும். வாங்குபவர் அதை அறியாதிருந்திருக்க வேண்டும். பொருளின் பெறுமதியையோ நோக்கத்தையோ அது பாதிக்க வேண்டும். இவற்றோடு ஒழுக்க ரீதியான கேள்வி ஒன்றையும் நாம் சேர்த்துக்கொள்ளலாம்: விற்றவருக்கு அது தெரிந்திருந்ததா? தெரியாமல் விற்றவர் பணத்துக்குப் பொறுப்பாளியாகலாம், வஞ்சகராக மாட்டார். எனது விடயத்தில் அந்தக் கேள்விக்கான பதில் ரேடியேட்டரின் அடியில் படிந்திருந்தது.

மறுநாளே நான் அவரிடம் போனேன். அவர் கோபப்படவுமில்லை, மறுக்கவுமில்லை.

"நான் பொய் சொல்லல்ல தம்பி. நீங்க ஆள் கொண்டுவந்து காட்டி, ஓட்டிப் பாத்துத்தானே எடுத்தீங்க?" என்றார். சற்றுப் பொறுத்து, "அஞ்சு மாசத்துக்கு முந்தி நான் இத எடுக்கக்குள்ள எனக்கி ஆரு தம்பி சொன்ன?" என்றார்.

இவ்விரு வாக்கியங்களும் தனித்தனியே ஆராயத் தக்கவை.

முதலாவது வாக்கியத்துக்கு இரண்டாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட வயது உண்டு. ரோம அறிஞர் சிசரோ கி.மு. 44 இல் கடமைகளைப் பற்றி எழுதிய நூலில், பபிலோனைச் சேர்ந்த டயோஜனிஸ், அவருடைய மாணவர் அன்டிபேட்டர் ஆகிய இருவரின் விவாதமொன்றை எடுத்து வைக்கிறார். ஒருவர் தமது வீட்டை விற்கிறார். பார்வைக்கு நல்ல வீடு. ஆனால் மரங்கள் உளுத்தவை. படுக்கையறைகளில் பாம்புகள் வருகின்றன. சொந்தக்காரருக்கு மட்டுமே இது தெரியும். சொல்ல வேண்டுமா? சட்டம் கேட்பதைச் சொன்னால் போதும், வாங்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லையே என்பது டயோஜனிஸின் கட்சி. சொல்லாதிருப்பது வேறு, மறைப்பது வேறு என்றும் அவர் வாதிடுகிறார். வழிதெரியாதவருக்கு வழிகாட்டாமல் விடுவதை விடவும் தெரிந்தே ஒருவரைப் பிழையில் தள்ளுவது மோசமானது என்பது அன்டிபேட்டரின் பதில். சிசரோ மாணவரின் பக்கமே சாய்கிறார். ஒருவர் அறிய வேண்டியதை, அவர் அறியாதிருப்பதால் எனக்கு இலாபம் என்பதற்காக நான் பேசாமலிருந்தால், அந்த மௌனம் மறைத்தலே என்பது அவருடைய தீர்ப்பின் சாரம்.

டயோஜனிஸின் வாதத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. உலகில் எனக்குத் தெரிந்ததையெல்லாம் வாங்குபவரிடம் கொட்டும் கடமை எனக்கில்லை. அடுத்த வருடம் வாகன விலை இறங்கலாம் என்ற என் ஊகத்தை நான் சொல்லத் தேவையில்லை. அவரும் அதை ஊகிக்கலாம். பத்திரிகை இருவருக்கும் பொது. கெஸ்கட்டின் கசிவு அப்படிப்பட்டதா? அது இருவருக்கும் பொதுவான அறிவன்று. விற்பவரிடம் மட்டுமே இருக்கிறது. நியாயமான சோதனையால் வாங்குபவருக்கு எட்டாதது. எட்டாத அளவுக்கு மூடப்பட்டும் இருக்கிறது. வாங்குபவரின் கண்ணுக்கு எட்டும் தூரம் எவ்வளவு குறைகிறதோ, விற்பவரின் வாய்க்குரிய கடமை அவ்வளவு கூடுகிறது என்பேன். பார்த்துத்தானே வாங்கினாய் என்ற வாதம் டயருக்குச் செல்லும், கீறலுக்குச் செல்லும். பார்க்க முடியாததற்குச் செல்லாது.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலொன்றுக்குள் கையை விட்ட சம்பவத்தை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். விரல்கள் ஈரமாகின. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னார். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்பதே அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி. நாம் பெரும்பாலும் அச்சம்பவத்தின் இறுதியிலுள்ள கண்டனத்தையே சொல்லி முடித்துவிடுகிறோம். நடுவிலுள்ள நுட்பம் நழுவிவிடுகிறது. தானியத்தை நனைத்தது வியாபாரியல்ல, மழை. அதற்காக அவர் கண்டிக்கப்படவுமில்லை. நனைந்த தானியத்தை விற்கக்கூடாது என்றும் சொல்லப்படவில்லை. ஈரம் எந்த இடத்தில் இருந்தது என்பதே விசாரணை. கார் விற்பனைக்கு இதைவிடத் தெளிவான விதி தேவையில்லை. பழுதான வண்டியைத் தாராளமாக விற்கலாம். பழுதை மேலே வைத்து, அதற்குரிய விலைக்கு விற்க வேண்டும்.

இன்னொரு ஹதீஸும் இங்கு நெருக்கமானது. பால் அதிகம் எனக் காட்டுவதற்காகச் சில நாட்கள் கறக்காமல் மடியைக் கட்டி வைத்துப் பிராணியை விற்பது தடுக்கப்பட்டது. அப்படி ஏமாந்தவருக்கு மூன்று நாள் தெரிவுரிமை உண்டு. வைத்துக்கொள்ளலாம் அல்லது திருப்பிக் கொடுக்கலாம். திருப்பிக் கொடுத்தால் கறந்த பாலுக்குப் பதிலாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழமும் கொடுக்க வேண்டும். கட்டிய மடியும் பவுடர் போட்ட ரேடியேட்டரும் ஒரே இனம். ஆனால் அந்த ஒரு ஸாஉ பேரீச்சம்பழம் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. ஏமாற்றியவருக்கும் ஓர் உரிமை உண்டு, ஏமாந்தவருக்கும் ஒரு கடமை உண்டு என்று அது சொல்கிறது.

'உள்ளபடி விற்கிறேன், பின்னர் என்னைக் கேட்கக்கூடாது' என்று சொல்லி விற்றால் பொறுப்பு நீங்குமா? ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி, அவ்வாறு நிபந்தனையிட்டவர் பிராணியின் உடலுக்குள் உள்ள, தமக்கும் தெரியாத குறையிலிருந்து மட்டுமே நீங்குகிறார். பிராணி நோயிலும் தீன் தின்னும். அதன் உள்நிலை சொந்தக்காரருக்கும் தெரியாமல் மாறும் என்பதே காரணம். இயந்திரத்தைப் பற்றி அந்த இமாம்கள் பேசவில்லை. ஆயினும் கார் உயிரற்ற பொருளாக இருந்துகொண்டே பிராணியைப் போல நடந்துகொள்வது. உள்ளே நோயிருக்க ஓடும். ஆகவே, தெரியாத உள்நோய்க்கு அந்த வாசகம் குடையாகலாம் என எனக்குப் படுகிறது. தெரிந்த நோய்க்கு ஒருபோதும் ஆகாது.

நாட்டுச் சட்டம் இவ்வளவு தூரம் வருவதில்லை. இங்கிலாந்தின் 1893 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றிய 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், தரம் பற்றிய பாதுகாப்பைப் பெரும்பாலும் அவ்வகைப் பொருளை வியாபாரமாக விற்பவரோடு இணைக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் வியாபாரிகளை நோக்கியதே. ஓர் ஆசிரியருக்கு ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் விற்றால், வாங்கியவர் பெருமளவு தன் கண்ணையே நம்ப வேண்டும். சட்டம் நிற்கும் இடத்துக்கு அப்பால் மனச்சாட்சியைத் தவிர வேறு காவல் கிடையாது.

இனி இரண்டாவது வாக்கியம்: எனக்கு யார் சொன்ன? இதுவே எனக்குக் கடினமானதாகத் தோன்றியது. அவரும் ஏமாற்றப்பட்டவர். பென்சன் பணத்தில் வாங்கியவர். அந்த நட்டத்தை அவர் ஏன் தனியே சுமக்க வேண்டும்? ஏமாற்றப்பட்டமை ஏமாற்றுவதற்கு உரிமம் தருமா?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யா உலூமித்தீனில் சம்பாத்தியம் பற்றிய பகுதியில் கள்ள நாணயத்தைக் குறித்துப் பேசுகிறார்கள். ஒருவன் கைக்கு அறியாமல் கள்ள நாணயம் வந்துவிட்டால் என்ன செய்வது? இன்னொருவன் கையில் தள்ளிவிடக்கூடாது. கிணற்றில் எறிந்துவிட வேண்டும் என்பது அவர்கள் வழி. திருட்டு ஒரு செயலோடு முடிந்துவிடும். கள்ள நாணயமோ கைமாறிக் கைமாறி, தள்ளிவிட்டவன் இறந்த பின்னும் அநியாயம் செய்துகொண்டிருக்கும் என்ற கருத்தும் அங்கே பதிவாகிறது. மறைத்து விற்ற காரும் இப்படித்தான். முதலில் மறைத்தவரைத் தவிர, அச்சங்கிலியில் உள்ள ஒவ்வொருவரும் முதலில் பாதிக்கப்பட்டவர், பிறகு பாதிப்பை உண்டாக்கியவர். எனக்கு யார் சொன்ன என்று கேட்கும் உரிமை எல்லோருக்கும் இருப்பதால்தான் சங்கிலி அறுவதில்லை. யாரோ ஒருவர் அந்த நட்டத்தைத் தன்னோடு நிறுத்த வேண்டும். அது அநீதியாகவே அவர் தலையில் விழும். வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

காரை யாரும் கிணற்றில் எறிய முடியாது என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் எறிய வேண்டியது காரையல்ல, அதன் பொய்யான பெறுமதியை. குறையைச் சொன்னவுடன் விலையில் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுதான் கள்ள நாணயம்.

இதில் தனிமனித நட்டத்துக்கு மேலும் ஒன்று உண்டு. அமெரிக்கப் பொருளியலாளர் ஜோர்ஜ் அகர்லொஃப் 1970 இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் பாவித்த கார்ச் சந்தையையே உதாரணமாக எடுத்தார். நல்ல வண்டி எது, கெட்டது எது என்று வாங்குபவருக்குத் தெரியாவிட்டால், அவர் எல்லாவற்றுக்கும் ஒரு சராசரி விலையே கொடுக்கத் துணிவார். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரர் விற்க மாட்டார், விலகிவிடுவார். சந்தையில் கெட்டவையே மிஞ்சும். இத்துறையில் செய்த பணிக்காக 2001 இல் அவருக்கு வேறு இருவரோடு நோபல் பரிசு கிடைத்தது. மறைப்பவர் வாங்குபவரிடம் மட்டும் எடுப்பதில்லை, உண்மை சொல்லி விற்கும் அயலவரிடமிருந்தும் எடுக்கிறார் என்பது இதிலிருந்து நாம் பெறத்தக்கது.

கராஜ்காரத் தம்பியையும் விட்டுவிட முடியாது. தன் வாடிக்கையாளரின் வண்டியைப் பற்றி ஊரெல்லாம் பேசுவது அவருடைய தொழிலுக்கு அழகல்ல. நான் வாங்கப் போவது அவருக்குத் தெரியாது, தெரிந்திருந்தால்? இதற்கும் இஹ்யாவில் ஒரு சம்பவம் இருக்கிறது. நபித்தோழர் வாஸிலா (ரழி) அவர்கள் நின்றுகொண்டிருக்க, ஒருவர் தமது பெண் ஒட்டகத்தை 300 திர்ஹங்களுக்கு விற்றார். வாஸிலா (ரழி) கவனிக்கவில்லை. வாங்கியவர் போன பிறகு பின்னால் ஓடி, இறைச்சிக்கா பயணத்துக்கா வாங்கினீர் என்று கேட்டார்கள். பயணத்துக்கு என்றதும், அதன் பாதத்தில் துளையுண்டு, தொடர்ந்து நடக்காது என்று அறிவித்தார்கள். வாங்கியவர் திரும்பி வந்தார். விற்றவர் 100 திர்ஹம் குறைக்க வேண்டியதாயிற்று. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீர் என்று அவர் வருந்தினார். அந்த ஒட்டகமும் ஒரு பாவித்த வாகனம்தான். வாஸிலா (ரழி) அவர்களின் கேள்வியைக் கவனிக்க வேண்டும். அவர்கள் ஒட்டகத்தை நிந்திக்கவில்லை. விற்றவரின் நடத்தையைப் பேசவில்லை. எதற்காக வாங்கினீர் என்று கேட்டு, அந்தத் தேவைக்குத் தடையான ஒன்றை மாத்திரம், அதை அறிய வேண்டியவரிடம் மாத்திரம் சொன்னார்கள். தொழில் இரகசியத்துக்கும் உண்மைக்கும் இடையில் இவ்வளவு ஒடுங்கிய, ஆனால் நடக்கக்கூடிய ஒரு பாதை இருக்கிறது.

வாங்கியவரின் கடமைக்கு வருகிறேன். குறை தெரிந்தவுடன் தாமதியாமல் விற்றவரிடம் சொல்ல வேண்டும். தெரிந்த பின் மாதக்கணக்கில் ஓடிவிட்டுத் திருப்புவது சரியல்ல. அவர் பேச இடமளிக்க வேண்டும். தேநீர்க் கடையில் அவருடைய தொழுகையையும் தாடியையும் இழுக்கக்கூடாது. எங்கள் விடயத்தில் முழுப் பணத்தையும் திருப்ப அவரால் முடியவில்லை. அது மகளுக்குக் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் கூரையாகிவிட்டிருந்தது. பள்ளிவாசல் மரைக்காயர் ஒருவரை வைத்துப் பேசினோம். திருத்தச் செலவு 1 இலட்சத்து 85 ஆயிரம். அதில் 90 ஆயிரத்தை இரு தவணைகளில் அவர் தந்தார். மீதி என்னுடையது. நாங்கள் இன்றும் ஸலாம் சொல்லிக்கொள்கிறோம். முன்னர் இருந்த சிரிப்பு அதில் இல்லை.

கார் இப்போது நன்றாக ஓடுகிறது. ஹெட்டைச் சீவிப் புதிய கெஸ்கட் போட்டபின் சூடேறியதே இல்லை. உம்மா சென்ற வருடம் மௌத்தாகிவிட்டார்கள். கடனை அடைக்க வண்டியை விற்கத் தீர்மானித்திருக்கிறேன். திருத்திய குறையும் குறையா என்பது என் முன் இருக்கும் கேள்வி. "சரியாக்கின ஒண்ட ஏன் சேர் சொல்லப்போறீங்க? மூணு இலட்சம் குறையும்" என்கிறார் தரகர். அவருடைய வாதத்துக்கு வலு உண்டு. ஆறிய காயம் நோயல்ல. ஆனால் தெரிந்தால் அவர் விலையைக் குறைப்பார் என்பதற்காகவே நான் பேசாதிருக்க நினைக்கிறேன் என்றால், சொல்ல வேண்டியது எது என்பதை அந்த நினைப்பே காட்டிவிடுகிறது. கராஜின் பில்லைப் பதிவுப் புத்தகத்தின் மேல் வைத்திருக்கிறேன். முதலில் வந்தவர் அதை இருமுறை வாசித்தார். பிறகு யோசித்துச் சொல்கிறேன் சேர் என்று போனவர் திரும்பி வரவில்லை. அடுத்தவர் இன்னும் வரவில்லை. மூன்று இலட்சம் ரூபா எனது ஐந்து மாதச் சம்பளத்துக்குக் கிட்ட வரும்.